அழவைக்கும் நாய் விளம்பரமா? ஜிபே திறக்கும் முன் இதைப் படியுங்கள்

இரவு பதினொரு மணி. போன் திரையை விரலால் தள்ளிக்கொண்டே வருகிறீர்கள். ரோமமெல்லாம் உதிர்ந்து, தோல் வெடித்து, நடுங்கிக்கொண்டு நிற்கும் ஒரு நாய். பின்னணியில் வயலின். "இன்றிரவுக்குள் 40,000 கட்டவில்லை என்றால் இவனை இழந்துவிடுவோம்." கீழே க்யூஆர் கோடு. கை தானாகவே ஜிபே பக்கம் போகிறது.

ஐந்து நிமிடம் பொறுங்கள். அந்தக் காணொளி முழுக்க உண்மையாக இருக்கலாம், முழுக்க நாடகமாக இருக்கலாம். நாய் நிஜம், கணக்கு மட்டும் பொய் என்றும் இருக்கலாம். நாயின் பரிதாபத்தைப் படம் காட்டும். பணம் போகும் இடத்தைப் பில்தான் காட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாவதை.

கீழே உள்ளவை சென்னையை வைத்து எழுதியவை. சட்டமும் வரியும் இந்தியா முழுக்க ஒன்றுதான். போன் எண்களும் மாநகராட்சி நடைமுறையும் ஊருக்கு ஊர் மாறும். விலைகள் எல்லாம் தனியார் கிளினிக்குகளின் தோராயக் கணக்கு. கிளினிக்குக்கு கிளினிக், நாயின் எடைக்கு ஏற்ப ஏறி இறங்கும்.

1. முதலில் படத்தைச் சோதியுங்கள்

காணொளியை நிறுத்தி, நாய் தெளிவாகத் தெரியும் இடத்தில் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். அதை கூகுள் லென்ஸில் போடுங்கள். அதே நாய் வேறொரு ஊரில், வேறொரு பெயரில், இரண்டு வருடம் முன்பே வந்திருந்தால் கதை அங்கேயே முடிந்தது. திருட்டுப் படத்தைத் திருப்பிப் போட்டிருப்பார்கள், இடது வலமாக. லென்ஸில் ஒன்றும் சிக்கவில்லை என்றால் படத்தை நீங்களும் ஒருமுறை திருப்பிப் போட்டுத் தேடிப் பாருங்கள்.

அடுத்து, கமெண்ட் பகுதி. அது மூடப்பட்டிருந்தால் சந்தேகம். திறந்திருந்து, "எந்த ஆஸ்பத்திரி?" என்ற கேள்விக்கு மட்டும் பதிலே இல்லாமல் மற்ற எல்லாவற்றுக்கும் இதயம் போட்டிருந்தால் இன்னும் சந்தேகம்.

மீட்பு நாடகங்கள் தனி ரகம். குட்டியை மலைப்பாம்பு சுற்றியிருக்கும், சேற்றில் பாதி புதைந்திருக்கும், கிணற்றில் தத்தளிக்கும். காமிரா மட்டும் முதல் நொடியிலிருந்தே, நல்ல கோணத்தில், ஆடாமல் ஓடும். காப்பாற்ற ஓடுகிறவர் கையில் போன் அப்படி நிற்காது. விலங்குகளை ஆபத்தில் வைத்துப் படமாக்கும் இந்த வகைக் காணொளிகளுக்கு யூடியூபே தடை விதித்திருக்கிறது. இப்படி ஒன்றைப் பார்த்தால் பகிராதீர்கள், திட்டிக் கமெண்டும் போடாதீர்கள். இரண்டுமே அதை இன்னும் பலருக்குக் கொண்டுபோகும். ரிப்போர்ட் அடித்துவிட்டு நகருங்கள்.

சொறி நாய் பற்றி ஒரு வார்த்தை. விளம்பரங்களில் சொறி நாய்கள் அதிகம் வரக் காரணம் உண்டு. பார்க்க அதைவிடக் கோரமான நோய் குறைவு, குணமாவதோ சுலபம். சரியான மாத்திரையும், தோல் தொற்றுக்கு மருந்தும், நல்ல சாப்பாடும் கொடுத்தால் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ரோமம் முளைத்து ஆளே மாறிவிடும். "முன், பின்" படத்துக்கு இதைவிடத் தோதான நோய் கிடையாது. மற்ற சிக்கல் இல்லாத சொறிக்கு மருத்துவச் செலவு பெரும்பாலும் சில ஆயிரங்களில் முடியும். ரத்தசோகையோ, உண்ணிக் காய்ச்சலோ சேர்ந்திருந்தால் கூடும். ஆனால் வெறும் சொறிக்கு 40,000 கேட்டால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

2. கேட்பவர் யார் என்று பிரித்துப் பாருங்கள்

மூன்று வகை உண்டு: பதிவு பெற்ற ட்ரஸ்ட் அல்லது சங்கம், தெருவில் இறங்கி வேலை செய்யும் தனிநபர், முகமே தெரியாத பக்கம். மூன்றாவதற்குப் பணம் அனுப்பாதீர்கள். முதல் இரண்டுக்கும் பார்க்கும் விதம் வேறு.

ட்ரஸ்ட் என்றால் நான்கு விஷயம் கேளுங்கள்:

- பதிவு எண்ணும் பான் எண்ணும்.
- 80ஜி (நன்கொடைக்கு வரிச் சலுகை) அனுமதி எண். இந்த அனுமதிக்குக் காலவரையறை உண்டு, எந்த ஆண்டு வரை என்று பாருங்கள். வருமான வரித் துறை இணையதளத்தில் அமைப்பின் பெயரைத் தேடிச் சரிபார்க்கலாம்.
- தொண்டு அமைப்புகளுக்காக நிதி ஆயோக் நடத்தும் என்ஜிஓ தர்பண் தளத்தில் பதிவு. இது கூடுதல் அடையாளம்தான், நேர்மைக்கான சான்றிதழ் இல்லை.
- "மாதம் இத்தனை நாய்க்குக் கருத்தடை செய்கிறோம்" என்று சொன்னால், இந்திய விலங்குகள் நல வாரியத்தின் திட்ட அங்கீகாரம். 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் கருத்தடை விதிகளின்படி அது இல்லாமல் தெருநாய்க் கருத்தடைத் திட்டம் நடத்தக் கூடாது.

பெயரில் ஏமாறுவது மிகச் சாதாரணம். சென்னை கிண்டியில் இருக்கும் ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியா வேறு, ஹைதராபாத் ப்ளூ கிராஸ் வேறு, இங்கிலாந்தின் ப்ளூ கிராஸ் வேறு. ஒன்றுக்கு அனுப்பிய பணம் மற்றதற்குப் போகாது. அமெரிக்காவிலும் இதே கதைதான். ஏஎஸ்பிசிஏ என்ற தேசிய விலங்கு நல அமைப்பின் டிவி விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டிவிட்டு, தன் ஊர் எஸ்பிசிஏ காப்பகத்துக்குத்தான் கொடுத்தோம் என்று நினைப்பவர்கள் உண்டு. அவை தனித்தனி அமைப்புகள். அங்கே வசிக்கும் தமிழர்கள் ஊர்க் காப்பகத்துக்குத் தர விரும்பினால் அதன் சொந்தத் தளத்துக்கே போய்க் கட்டுவது நல்லது.

தனிநபர் என்றால் ஆவணம் இல்லை என்பதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். தெருவில் இரவு இரண்டு மணிக்கு அடிபட்ட நாயைத் தூக்குகிறவர்களில் பலருக்கு ட்ரஸ்டும் கிடையாது, லெட்டர்ஹெட்டும் கிடையாது. அவர்களிடம் கேட்க வேண்டியது பில்தான்.

3. இந்தக் கேள்விகளை அப்படியே அனுப்புங்கள்

"வணக்கம். இந்த நாயின் சிகிச்சைக்கு உதவ விரும்புகிறேன். எந்த மருத்துவமனையில், எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறது? இதுவரை ஆன பில்லும் இனி ஆகப்போகும் செலவின் மதிப்பீடும் கிடைக்குமா? மருத்துவமனைக் கணக்குக்கே நான் நேரடியாகக் கட்டலாமா? அதிகமாகப் பணம் சேர்ந்தால் எதற்குப் பயன்படும்? குணமான பிறகு நாய் எங்கே போகும்?"

கடைசிக் கேள்விதான் ஆளை அடையாளம் காட்டும். உண்மையாக வேலை செய்கிறவருக்கு அதுதான் பெரிய தலைவலி; பக்கம் பக்கமாகப் பதில் வரும். போலிக்கு அந்தக் கேள்வி மண்டையிலேயே இருக்காது.

பில்லில் கிளினிக்கின் பெயர், தேதி, மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும், நாயின் விவரம், தனித்தனியாக எழுதிய தொகை இவை வேண்டும். கிளினிக்கின் எண்ணை பில்லிலிருந்து எடுக்காதீர்கள். கூகுள் மேப்பில் கிளினிக்கைத் தேடி, அங்கே இருக்கும் எண்ணுக்கு அடித்து, "இந்தப் பெயரில் ஒரு நாய் சேர்ந்திருக்கிறதா?" என்று மட்டும் கேளுங்கள்.

தொகை நியாயமா என்று பார்க்க ஒரு கைக்கணக்கு:

- ரத்தப் பரிசோதனை 500 முதல் 1,000 ரூபாய். எக்ஸ்ரே ஒரு கோணத்துக்கு ஏறக்குறைய அதே.
- பார்வோ (வாந்தியும் ரத்தப்போக்கும் தரும் வைரஸ் நோய்) வந்த குட்டிக்கு ட்ரிப்ஸ், ஊசி எல்லாம் சேர்த்து நாளுக்கு 1,000 முதல் 2,000. ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். எவ்வளவு செலவழித்தாலும் சில குட்டிகள் பிழைப்பதில்லை. "இறந்துவிட்டது" என்று வந்தாலே மோசடி என்று எண்ண வேண்டாம், அந்த நாள் வரையான பில்லைக் கேளுங்கள்.
- கால் எலும்பு முறிவுக்கு ப்ளேட் வைத்தால் 20,000 முதல் 50,000. இது நிஜமாகவே பெரிய செலவு.
- பிறப்புறுப்பில் வரும் தொற்றுக் கட்டி. ரத்தம் சொட்டுவதால் படத்தில் பயங்கரமாக இருக்கும். வாரம் ஒரு வின்கிரிஸ்டின் என்ற மருந்து ஊசி, நான்கிலிருந்து ஆறு வாரம், பெரும்பாலும் குணமாகிவிடும். செலவு சில ஆயிரம்தான்.
- போர்டிங்கில் (கட்டணம் வாங்கி நாயைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில்) வைத்தால் நாளுக்கு 400 முதல் 800.

விளம்பரம் சொல்லாத செலவு கடைசி வரிதான். அறுவை சிகிச்சைக்குப் பணம் கொட்டும். முதுகெலும்பு உடைந்து பின்னங்கால் செயலிழந்த நாய்க்கு அதன் பிறகு தினமும் மூன்று நான்கு முறை சிறுநீர்ப் பையை அமுக்கி விட ஓர் ஆள் வேண்டும், ஆயுள் முழுக்க. அதற்கு யாரும் வயலின் வாசிப்பதில்லை. உங்களிடம் 3,000 ரூபாய் இருந்தால், வைரலான அறுவை சிகிச்சைக்குக் கொடுப்பதைவிட, ஆறு மாதம் கழித்து அதே நாயின் போர்டிங்குக்குக் கொடுங்கள்.

4. பணம் அனுப்பும்போது கவனிக்க வேண்டியவை

முடிந்தால் மருத்துவமனைக்கே கட்டுங்கள். நாயின் பதிவுப் பெயரைக் குறிப்பில் எழுதுங்கள்.

க்யூஆர் ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். விளம்பரத்தில் ட்ரஸ்ட் பெயர், திரையில் யாரோ ஒருவரின் பெயர் என்றால் நிறுத்துங்கள். "ட்ரஷரரின் கணக்கு" என்பார்கள். பதிவு பெற்ற ட்ரஸ்டுக்குத் தன் பெயரிலேயே வங்கிக் கணக்கு இருக்கும்.

"நீங்கள் தந்த பணம் அதிகம், திருப்பித் தருகிறோம், யுபிஐ பின் போடுங்கள்" என்று போன் வந்தால் துண்டியுங்கள். பணம் வாங்க பின் தேவையே இல்லை.

நிதி திரட்டும் தளங்களில் கட்டும்போது, தொகைக்குக் கீழே "டிப்" என்று ஒரு வரி சத்தமில்லாமல் சேர்ந்திருக்கும். அது தளத்துக்குப் போகும் காசு, நாய்க்கு இல்லை. அதைப் பூஜ்யமாக்க முடியும். "வேறு தொகை" என்பதைத் தொட்டால்தான் அந்த வழி தெரியும். சில நேரம் ஒளித்தே வைத்திருப்பார்கள்.

"நாளுக்கு வெறும் 20 ரூபாய்" என்ற விளம்பரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: வருடத்துக்கு 7,300. அது மாதந்தோறும் தானாகக் கழியும் ஆட்டோபே. தவறில்லை, காப்பகங்களுக்கு நிச்சயமான மாத வருமானம்தான் உயிர்நாடி. ஆனால் தெரிந்து போடுங்கள். நிறுத்த வேண்டுமென்றால் ட்ரஸ்டுக்கு மெயில் அனுப்பிக் காத்திருக்கத் தேவையில்லை. யுபிஐ செயலிக்குள் ஆட்டோபே பகுதியைத் திறந்து நீங்களே ரத்து செய்யலாம்.

5. ரசீதும் வரிச் சலுகையும்

சாதாரண ட்ரஸ்டுக்குத் தரும் நன்கொடையில் பாதித் தொகைக்கு 80ஜி கழிவு கிடைக்கும். அதற்கும் உங்கள் வருமானத்தில் 10 சதவீதம் என்ற உச்ச வரம்பு உண்டு. பலர் தடுக்கி விழும் இடங்கள்:

- புதிய வரி முறையில் இருந்தால் இந்தச் சலுகையே கிடையாது.
- ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் கிடையாது.
- அரிசி மூட்டை, மருந்து, போர்வை எனப் பொருளாகத் தந்தால் கிடையாது.
- கிளினிக் பில்லை நேரடியாகக் கட்டினாலும், தனிநபருக்கு அனுப்பினாலும் கிடையாது. பணம் எங்கே போகிறது என்ற நிம்மதியா, வரிச் சலுகையா என்று தேர்ந்தெடுக்க வேண்டியதுதான்.

அச்சடித்த ரசீது மட்டும் போதாது. நிதியாண்டு முடிந்தபின் மே 31-க்குள் ட்ரஸ்ட் தன் நன்கொடை விவரத்தை வருமான வரித் துறையில் பதிவேற்றி, உங்களுக்குப் படிவம் 10பிஇ சான்றிதழைத் தர வேண்டும். அதில் உங்கள் பான் எண் சரியாக இருக்க வேண்டும். ஆகவே பணம் கட்டும்போதே பான் எண்ணைக் கொடுங்கள். ஜூன் முதல் வாரம் வந்தும் 10பிஇ வரவில்லை என்றால் விடாமல் கேளுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறை என்பதால், அதன்பின் தரும் பணத்துக்கான ரசீதுகளில் பிரிவு எண்ணும் படிவ எண்ணும் மாறியிருக்கும். குழம்ப வேண்டாம்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு: இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தந்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், மலேசியா, கனடாக் குடியுரிமை வாங்கியவர் தந்தால் ஆகும். ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும் ஆகும். அப்போது எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு உள்ள அமைப்புக்குத்தான், டெல்லி ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் அதற்கென்று இருக்கும் கணக்குக்குத்தான் அனுப்ப வேண்டும். "பரவாயில்லை, ஊரில் தம்பி கணக்குக்குப் போட்டுக் கொடுத்துவிடலாம்" என்ற குறுக்குவழி, பிற்பாடு அந்த அமைப்பைத்தான் மாட்டிவிடும்.

6. பணத்தைவிடப் பெரிய உதவி: உங்கள் தெரு நாய்களுக்குக் கருத்தடை

பெண் நாய்க்குக் கர்ப்பம் ஏறக்குறைய 63 நாள். வருடத்துக்கு இரண்டு முறை பருவம் வரும். இன்று உங்கள் தெருவில் ஒரு பெண் நாய்க்குக் கருத்தடை செய்தால், அடுத்த வருட விளம்பரத்தில் வரக்கூடிய குட்டிகள் சில பிறக்காமலே போகும்.

முதலில் கணக்கெடுங்கள். காலை ஆறு மணிக்கு நடந்தால் எல்லாம் தெரியும். ஒவ்வொன்றையும் இரு பக்கமும் படமெடுங்கள். காது நுனியில் வெட்டு இருந்தால் கருத்தடை முடிந்தது. இல்லாதவற்றைப் பட்டியலிடுங்கள், பெண் நாய்கள் முதலில்.

சென்னையில் மாநகராட்சி எண் 1913. புகாராகச் சொல்லாதீர்கள். "நாய்த் தொல்லை" என்று பதிவானால் வண்டி வந்து கையில் சிக்கிய நாயைப் பிடிக்கும். அது ஏற்கெனவே கருத்தடை ஆனதாகக்கூட இருக்கும். "கருத்தடை ஆகாத நாய்கள் இத்தனை, இந்தத் தெரு, இந்த நேரத்தில் இங்கே இருக்கும், அடையாளம் காட்ட நான் இருப்பேன்" என்று சொல்லுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி வரும் நாளில் நீங்கள் இல்லை என்றால் வேலை நடக்காது.

முந்தைய இரவு சாப்பாடு வைக்காதீர்கள், மயக்க மருந்துக்கு வெறும் வயிறு வேண்டும். ஆறு மாதம் ஆகாத குட்டியையும் பாலூட்டும் தாயையும் அனுப்பாதீர்கள். நாய் ஏறும் நேரம், வண்டி எண், போகும் மையம், மூன்றையும் எழுதுங்கள். பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்பது விதி. விடும் நாளிலும் ஆள் நில்லுங்கள். இரண்டு தெரு தள்ளி இறக்கிவிட்டால் அங்கிருக்கும் கூட்டம் கடித்துக் குதறிவிடும். வந்தபின் ஒரு வாரம் தையலைப் பாருங்கள். வீக்கமோ சீழோ தெரிந்தால் அதே மையத்துக்கு உடனே சொல்லுங்கள்.

காத்திருக்க முடியாது என்றால் தனியாரில் பெண் நாய்க்கு 5,000 முதல் 10,000 ஆகும். அறுவை சிகிச்சைக்குப் பின் வைத்திருக்க இடம் வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

நீதிமன்ற உத்தரவுகளையும் கவனியுங்கள். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், வார்டுதோறும் சாப்பாடு வைக்கத் தனி இடம் ஒதுக்க வேண்டும், மற்றபடி தெருவில் வைக்கக் கூடாது என்றது. நவம்பர் 7 அன்று, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடிக்கும் நாய்களை மீண்டும் அங்கேயே விடக் கூடாது என்றது. உத்தரவுகள் மாறக்கூடும் என்பதால், சாப்பாடு வைக்கத் தொடங்கும் முன் உங்கள் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் இன்றைய நிலையைக் கேளுங்கள். பிஸ்கட் பாக்கெட் சாப்பாடு ஆகாது. சோறும் கோழியும் போதும், உப்பு மசாலா இல்லாமல்.

7. அடிபட்ட நாயை நேரில் பார்த்தால்

காணொளி எடுக்கும் முன் இவை.

வலியில் இருக்கும் நாய், பழகிய நாயே ஆனாலும் கடிக்கும். துப்பட்டாவையோ துண்டையோ மூக்கைச் சுற்றி ஒரு கட்டு, காதுக்குப் பின்னால் ஒரு முடிச்சு. மூச்சுத் திணறினாலோ வாந்தி எடுத்தாலோ கட்டாதீர்கள். கால்களைப் பிடித்துத் தூக்க வேண்டாம். பலகை, மடித்த பெட்ஷீட், கதவுக் கால்மிதி எதுவானாலும் அடியில் தள்ளி, உடல் மடங்காமல் தூக்குங்கள்.

டோலோ, ப்ரூஃபென் போன்ற மனித வலி மாத்திரைகளைக் கொடுத்தால் கல்லீரலும் சிறுநீரகமும் வயிறும் பழுதாகும். மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். புழுப்புண்ணில் மண்ணெண்ணெய், ஃபினாயில், டர்பன்டைன் ஊற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. புழு சாகும், சதையும் வெந்துபோகும். மெடிக்கலில் கால்நடைகளுக்கான புழுப்புண் ஸ்ப்ரே கேளுங்கள், அடித்துவிட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உள்ளே இருக்கும் புழுவை அவர்தான் எடுக்க வேண்டும்.

சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தனியாரைவிட மிகக் குறைந்த செலவு. காலையில் சீக்கிரம் போனால் காத்திருப்பு குறையும். நாயைப் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் கட்டாயம். 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண் முக்கியமாக ஆடு மாடுகளுக்கானது. நகரத்துத் தெருநாய்க்கு வரும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள்.

தாயில்லாத குட்டிகள் என்று தோன்றினால் தள்ளி நின்று இரண்டு மூன்று மணி நேரம் பாருங்கள். பெரும்பாலும் தாய் சாப்பாடு தேடிப் போயிருக்கும். "அநாதைக் குட்டிகள்" என்று ஸ்டோரி போடுவதற்காகத் தூக்கிவந்த குட்டிகள் உண்மையிலேயே அநாதை ஆகிவிடுகின்றன.

கடி பட்டாலோ, பல் கீறினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். 15 நிமிடம் நினைப்பதைவிட நீளம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனை. வெறிநாய்க்கடி ஊசி இலவசம், தோலில் போடும் முறையில் 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28 ஆகிய நாட்களில். ரத்தம் வந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் (உடனடிப் பாதுகாப்பு தரும் மருந்து) வேண்டும், கேட்டு வாங்குங்கள். அடிக்கடி நாய்களைக் கையாளப் போகிறீர்கள் என்றால் கடிபடும் முன்பே 0, 7, 21 அல்லது 28-ஆம் நாள் என்று மூன்று ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

8. ஃபாஸ்டர், தத்து

ஃபாஸ்டர் என்பது நாய்க்கு வீடு கிடைக்கும் வரை உங்கள் வீட்டில் இடம் தருவது. காப்பகங்களுக்குப் பணத்தைவிட இதற்குத்தான் பஞ்சம். ஒப்புக்கொள்ளும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: எத்தனை நாள், மருத்துவச் செலவு யாருடையது, அந்த நாளுக்குள் வீடு கிடைக்காவிட்டால் யார் திரும்ப எடுப்பார்கள். "இரண்டே வாரம்" என்று வாய்வார்த்தையில் வந்த நாய் இரண்டு வருடம் இருக்கும்.

வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் புதிய குட்டியை 14 நாள் தனி அறையில் வையுங்கள், தட்டு, துணி எல்லாம் தனி. பார்வோ கிருமி ஃபினாயிலுக்குச் சாகாது. ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர், தரையில் பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும்.

தத்தெடுக்க நல்ல அமைப்புகள் கேட்பவை: ஆதார் நகல், முகவரிச் சான்று, வாடகை வீடு என்றால் உரிமையாளரின் சம்மதம், வீட்டைப் பார்க்க ஒரு வருகை, ஆறு மாதத்தில் கருத்தடை செய்வேன் என்ற ஒப்பந்தம். இத்தனை கேள்வியா என்று சலித்துக்கொள்ளாதீர்கள். ஒன்றுமே கேட்காமல் குட்டியைக் கையில் திணிப்பவரிடம்தான் கவனம் தேவை. "கூரியர் கட்டணம் முன்பணம் அனுப்புங்கள், நாய் பெங்களூரிலிருந்து வரும்" என்பது மோசடி. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியைத் தாயிடமிருந்து வாங்காதீர்கள்.

ஊசி அட்டவணை: ஆறு முதல் எட்டு வாரத்தில் பல நோய்க்கான முதல் தடுப்பூசி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை 16 வாரம் வரை. மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பிறகு வருடாவருடம். அட்டையில் மருந்துப் பாட்டிலின் ஸ்டிக்கரும் மருத்துவர் கையெழுத்தும் இருக்க வேண்டும்.

சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் கட்டாயம். கட்டணம் 50 ரூபாய், இணையத்தில் விண்ணப்பிக்கலாம், தடுப்பூசிச் சான்றும் நாயின் படமும் உங்கள் அடையாள அட்டையும் வேண்டும். 2025 முதல் மைக்ரோசிப்பும் சேர்ந்துகொண்டது. உரிமம் இல்லாவிட்டால் 5,000 அபராதம். தெருவிலிருந்து எடுத்த நாட்டு நாய்க்கும் இது பொருந்தும். அடுக்குமாடிச் சங்கம் "நாட்டு நாய் கூடாது" என்று தீர்மானம் போட்டால் பயப்பட வேண்டாம். வளர்ப்பு விலங்குகளுக்குச் சங்கங்கள் தடை போட முடியாது என்பதற்கு விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது. அச்சிட்டு உரிமத்தோடு கோப்பில் வையுங்கள்.

9. ஏமாந்துவிட்டால்

தொகை சின்னது என்று விட்டுவிடாதீர்கள். 500 ரூபாய் வீதம் ஆயிரம் பேர் என்பதுதான் இவர்களின் கணக்கு.

பக்கம் மறையும் முன் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள்: காணொளி, பக்கத்தின் முகவரி, க்யூஆர் கோடு, உங்களோடு நடந்த உரையாடல், யுபிஐ பரிவர்த்தனை எண். உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணம் கைமாறும் முன் கணக்கை முடக்க வாய்ப்பு. பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் எழுத்தில் பதிவு செய்யுங்கள். உங்கள் வங்கிக்கும் யுபிஐ செயலிக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும், ஒன்று மற்றதற்குத் தானாகப் போகாது.

காணொளிக்காகவே நாயை அடித்தோ ஊனமாக்கியோ இருக்கிறார்கள் என்று தெரிந்தால் அது வேறு புகார். விலங்கைக் கொல்வதும் ஊனமாக்குவதும் பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 325-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சைபர் புகாரோடு சேர்க்காமல், சம்பவம் நடந்த எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்தில் தனி மனுவாகக் கொடுங்கள். பிரிவு எண்ணை மனுவிலேயே எழுதுங்கள், பென்டிரைவில் காணொளியின் மூலப் பிரதியை இணையுங்கள், சிஎஸ்ஆர் ரசீது (மனுவை வாங்கியதற்கான காவல் நிலைய ஒப்புகை) வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள்.